டீச்சரின் முதுகு

நெடுங்குளத்துக்காரர்களின் முதுகில் இங்கிலீஷ் வார்த்தைகள் வந்தது ஒரு மார்கழி மாதத்தில். படித்துறையில் ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டுக்கும் நடுவில், மருதாணி மங்கிப் போகிற சமயத்தில் இருக்கிற நிறத்தில், ஆளுக்கு ஒரு வார்த்தை, பெரிய எழுத்தில், கோடு போட்ட நோட்டில் எழுதினது மாதிரி நேராக. சோப்புப் போட்டுப் பார்த்தார்கள், பீர்க்கங்கூட்டால் தேய்த்துப் பார்த்தார்கள், ஒருத்தி வீட்டுக்கு ஓடிப்போய் மண்ணெண்ணெய்கூடக் கொண்டுவந்தாள். எதற்கும் போகவில்லை. போகாது என்று தெரிந்ததும் ஈரச் சேலையோடு வீட்டுக்குப் போய் உலை வைத்தார்கள், ஏனென்றால் முதுகில் என்ன வந்திருந்தாலும் உப்பளத்துக்குப் போகிற ஆம்பிளைகளுக்கு ஏழு மணிக்குள் சோறு கட்டியாக வேண்டும்.

இரண்டு நாளில் ஊருக்கு அதன் சட்டதிட்டங்கள் புரிந்துவிட்டன. கைக்குழந்தைகளுக்கு வரவில்லை, மற்ற எல்லோருக்கும் வந்தது. கண்ணாடியில் தெரியாது. போட்டோ ஸ்டூடியோக்காரர் தன் மச்சினனைச் சட்டையைக் கழற்றி நிற்கவைத்து மூன்று கோணத்தில் எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் வெறும் முதுகுதான் விழுந்தது, கூடவே ஒரு தேமல். இன்னொரு மனுஷரின் கண்ணுக்கு மட்டும்தான் அது தெரியும். ஏன் இங்கிலீஷில் வந்தது என்று கேட்டவர்களுக்கு டீக்கடையில் ஒரு பதில் இருந்தது: தமிழில் வந்திருந்தால் ஆளாளுக்கு வாசித்துவிட்டு அன்றைக்கே வெட்டுக்குத்து ஆகியிருக்கும், இங்கிலீஷில் வந்ததால் ஊர் கொஞ்சம் மரியாதையோடு இருக்கிறது. பாதிரியார் ஒரு ஞாயிறும் ஹஜ்ரத் ஒரு வெள்ளியும் கோயில் பூசாரி ஒரு செவ்வாயும் இதைப் பற்றிப் பேசினார்கள், மூன்று பேரும் மனுஷர் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று முடித்தார்கள், அதற்குமேல் காரணத்தைத் தேடுகிற வேலையை நெடுங்குளம் விட்டுவிட்டது.

வந்த வார்த்தைகள் எல்லாம் ஒரே இனம். பேர் இல்லை, ஊர் இல்லை, என்ன செய்தார் என்பது இல்லை. இவர் இப்படிப்பட்டவர் என்று சொல்கிற வார்த்தைகள் மட்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவார்கள், ஆனால் அர்த்தம் தெரியாது, தெரிந்த மாதிரி சொன்ன அர்த்தத்தால் ஒரு வீட்டில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற வரைக்கும் போய்விட்டது. டெலிபோன் தபாலாபீசில் மட்டும் இருந்த காலம், யாரிடம் போய்க் கேட்பது. அதனால் ஊர் சர்ச் தெருக் கடைசி வீட்டுக்கு, ஜெபசீலி டீச்சரிடம் போனது.

ஜெபசீலி டீச்சர் முப்பது வருஷத்துக்கும் மேலாக நெடுங்குளத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவர். கல்யாணம் ஆகவில்லை. தம்பியைப் படிக்கவைத்து அனுப்பினார். அவன் கனடாவில் இருந்தான், கிறிஸ்துமஸுக்குக் கார்டு போட்டான். ஒவ்வொரு வருஷமும் ஏழாம் வகுப்பில், உன் அம்மாவைப் பற்றி ஐந்து வார்த்தை எழுது என்று டீச்சர் சொல்வார், எல்லாப் பிள்ளைகளும் குட், பியூட்டிஃபுல், கைண்ட் என்றே எழுதிக்கொண்டு வரும், "எல்லார் அம்மாவும் ஒரே அம்மாவா? வீட்டுக்குப் போயி அம்மாவ ஒழுங்காப் பாத்துட்டு வந்து எழுதுங்க" என்று திருப்பி அனுப்புவார். ஒரு ஆளுக்குப் பொருத்தமான வார்த்தையைத் தேடிப் போடுவது அந்த ஆளுக்குச் செய்கிற மரியாதை என்பது அவர் கொள்கை. ஆனால் அவரைப் பற்றி யாரும் எங்கேயும் ஒரு வார்த்தை எழுதியதில்லை, ஓய்வுபெற்ற நாளில் பள்ளிக்கூடத்தில் வாசித்தளித்த வாழ்த்துப் பத்திரத்தைத் தவிர. அதிலும் முந்தின வருஷம் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டரின் பத்திரத்தில் பேரை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

முதலில் வந்தது ஒரு மாமியாரும் மருமகளும்.

"எம் மருமவ முதுகுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க டீச்சர். ஒளிக்காமச் சொல்லணும்" என்றார் மாமியார்.

மருமகள் திரும்பி நின்றாள். ஸ்டபர்ன் என்று இருந்தது. பிடிவாதக்காரி. டீச்சர் வாயைத் திறந்தார், அந்தப் பெண்ணின் பிடரி மயிர் வியர்வையில் ஒட்டியிருப்பதையும் தாலிக்கயிறு தோளில் பதிந்த தடத்தையும் பார்த்தார், இந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு இவள் இந்த அம்மாளோடு அதே வீட்டுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்தார். "மன உறுதி உள்ளவன்னு போட்டிருக்கும்மா" என்றார்.

"உறுதியா? அத நான் கல்யாணத்தன்னைக்கே கண்டுக்கிட்டேனே" என்றார் மாமியார். ஆனாலும் கொஞ்சம் பெருமையோடுதான் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ஆரம்பித்தது. நல்ல வார்த்தையாக இருந்தால் டீச்சர் உள்ளது உள்ளபடி சொன்னார், மற்றதை எல்லாம் கொஞ்சம் தட்டி, கொஞ்சம் நிமிர்த்தி, வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி ஆக்கிக் கொடுத்தார். பயந்தாங்கொள்ளி என்று வந்த போலீஸ்காரருக்கு முன்யோசனைக்காரர் என்றார். சோம்பேறி என்று வந்தவருக்கு நிதானமானவர் என்றார். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு நின்றவர் முதுகில் ஹங்க்ரி என்று இருந்தது. மக்களுக்காக ஏங்குபவர் என்று டீச்சர் சொல்ல, அவர் அந்த மார்கழிக் குளிரில் சட்டை போடாமலே வீதிவீதியாக ஓட்டுக் கேட்டுப் போய், ஜெயித்து, சளியில் படுத்துவிட்டார். பெண் பார்க்க வருகிறவர்கள் பஜ்ஜி சாப்பிட்ட கையோடு மாப்பிள்ளையின் அக்காவை உள்ளறைக்கு அனுப்பினார்கள், அக்கா பெண்ணின் முதுகில் இருந்த எழுத்துகளை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு சர்ச் தெருவுக்கு வந்தாள், டீச்சர் கையைப் பிடித்துப் பார்த்துச் சொல்கிற வரைக்கும் மற்றவர்கள் அங்கே காப்பி ஆறவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த வருஷம் நெடுங்குளத்தில் ஒரு சம்பந்தம்கூட முறியவில்லை. பேங்க் மேனேஜர், இங்கிலீஷ் பேப்பர் மட்டுமே வாசிக்கிறவர், அவரும் தன் சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். வீட்டிலேயே அகராதி வைத்திருக்கிற மனுஷர் எதற்கு இங்கே வருகிறார் என்று டீச்சருக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போனதும் வீடு வெறிச்சென்று இருக்கும். உட்கார வந்தவர்கள் இழுத்துப்போட்ட நாற்காலிகளை டீச்சர் ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளிவைப்பார். பகல் முழுவதும் எத்தனையோ முதுகுகளைப் பார்த்தாயிற்று, எல்லாம் வேறு யாராவது முதலில் பார்த்துவிட்டுக் கூட்டிவந்த முதுகுகள். புருஷன் பார்த்தது, அம்மா பார்த்தது, அக்காள் தங்கை பார்த்தது. அவர் முதுகைப் பார்க்க ஆள் இல்லை. அவருக்கே சோப்பு எட்டாத ஒரு இடம் நடு முதுகில் இருந்தது, அங்கே ஒரு வார்த்தை இருந்தது, அது என்னவென்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. யாரையாவது கேட்கலாம்தான். இங்கிலீஷ் தெரிந்தவரைக் கேட்டால் அவரும் தன்னை மாதிரியே தட்டி நிமிர்த்திச் சொல்வார், அதை நம்ப முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டால் ஒளிக்காமல் எழுத்துக்கூட்டிவிடும், அடுத்த நாள் தெருவெல்லாம் தெரிந்துவிடும். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பழைய கரும்பலகையில் தன்னைப் பற்றி ஐந்து வார்த்தை எழுதிப் பார்ப்போம் என்று ஒரு நாள் சாக்பீஸை எடுத்தார், பங்க்சுவல் என்று ஒன்றை எழுதினார், அதோடு நின்றுவிட்டது.

மெகராஜ் வந்தது மாசி மாதத்தில். பள்ளிவாசல் முக்கில் ஒற்றை மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள், ஊர்ப் பெண்களில் பாதிப் பேருக்கு அவள்தான் தையல். புருஷன் சவுதிக்குப் போய் முதல் வருஷம் டேப்பில் பேசி அனுப்பினான், அடுத்த வருஷம் கடிதம், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. அங்கேயே ஒரு குடும்பம் இருக்கிறது என்று வந்தவர்கள் சொன்னார்கள். இரண்டாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவள் முதுகைப் பார்க்கவும் வீட்டில் யாரும் இல்லை என்பதால், என்ன எழுத்து என்றுகூடத் தெரியாமல் நேராக டீச்சரிடமே வந்தாள்.

டீச்சர் கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தார். லோன்லி என்று இருந்தது. துணையில்லாதவள், தனித்துக் கிடப்பவள். அதைத் தட்டவும் முடியவில்லை, நிமிர்த்தவும் முடியவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அதுவாகவே இருந்தது. அவர் அதுவரைக்கும் வார்த்தையை வளைத்திருக்கிறாரே தவிர மாற்றியதில்லை, அன்றைக்கு மாற்றினார்.

"டியர்னு இருக்கு" என்றார்.

"அப்படின்னா?"

"பிரியமானவன்னு அர்த்தம். லீவ் லெட்டர்ல ஹெட்மாஸ்டருக்கே அதத்தான் முதல்ல போடுவோம்."

மெகராஜ் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யோசித்தாள். "யாருக்கு டீச்சர்? யாருக்குப் பிரியமானவ?"

"அது வார்த்தையில சொல்லலம்மா."

"எனக்குத் தெரியும், அவுஹளுக்குத்தான்" என்றாள் மெகராஜ். "அப்ப அவுஹ வருவாஹ."

சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று டீச்சர் பார்த்தார், ஆனால் அந்த முகம் அதற்குள் மாறிவிட்டிருந்தது. மெகராஜ் மடியிலிருந்து ஒரு வெட்டுத்துணியும் தையல் சாக்பீஸும் எடுத்து நீட்டி, அதை எழுதிக் காட்டச் சொன்னாள். டீச்சர் நாலு எழுத்தை எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடையில் வேலை இல்லாத நேரமெல்லாம் மெகராஜ் கட்டிங் பலகையில் விரித்த துணியில் அந்த நாலு எழுத்தையும் சாக்பீஸால் போடுவாள், உள்ளங்கையால் துடைப்பாள், மறுபடி போடுவாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் கால் மெஷின் மிதிப்பதை நிறுத்திவிடும். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் டீச்சர் எதிர்ச்சாரியில் நடந்தார்.

வருஷங்கள் போனதில் ஊருக்கு முதுகு பழகிவிட்டது. அந்தந்த வார்த்தைக்குத் தக்கபடி சிலர் நடந்துகொண்டார்கள், டீச்சர் சொன்ன அர்த்தத்துக்குத் தக்கபடி இன்னும் சிலர் நடந்துகொண்டார்கள், முன்யோசனைக்காரப் போலீஸ்காரர் ஒரு தடவை நிஜமாகவே முன்கூட்டி யோசித்து ஒரு பஸ் விபத்தைத் தடுத்தார். பிறகு உப்பு வியாபாரி ஒருவர் இறந்துபோய், நீர்மாலை எடுத்துக் குளிப்பாட்டும்போது முதுகைப் புரட்டிப் பார்த்தவர்கள், அங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். அடுத்து இறந்தவருக்கும் அப்படித்தான். மூச்சு நின்றதும் வார்த்தையும் போய்விடுகிறது என்பதையும் ஊர் தெரிந்துகொண்டு, சரி, உடம்பே போகும்போது அது மட்டும் எதற்கு என்று விட்டுவிட்டது.

டீச்சரால் விட முடியவில்லை. தான் கண்ணை மூடினால் யாரும் வாசிக்காமலே தன் வார்த்தை அழிந்துவிடும் என்பது அவருக்குப் பெரிய பயமாக வந்து உட்கார்ந்தது. சாவதைப் பற்றிக்கூட அவ்வளவு பயம் இல்லை. வயிற்றில் ஒரு கட்டி என்று திருநெல்வேலி டாக்டர் சொன்னபோது, ஆபரேஷன் செய்தாலும் இந்த வயசில் பாதிக்குப் பாதிதான் என்று சொன்னபோது, டீச்சர் நினைத்தது ஒன்றே ஒன்றுதான்: போவதற்குள் ஒரே ஒரு தடவை அதை யாராவது பார்த்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம், கடைகள் பாதி அடைத்திருந்த வெயிலில், அவர் பள்ளிவாசல் முக்குக்குப் போனார். மெகராஜ் தலைமுடியில் நரை ஏறியிருந்தது. கட்டிங் பலகையில் அந்த நாலு எழுத்து பாதி துடைத்தபடி கிடந்தது.

"வாங்க டீச்சர். ஒடம்புக்கு முடியலன்னு சொன்னாஹளே."

"ரெண்டு ஜாக்கெட் தைக்கணும். முன்பக்கம் லேசாத் தொறக்குற மாதிரி, தொளதொளன்னு இருக்கணும். ஆஸ்பத்திரிக்கு."

"தச்சுரலாம். அளவு ஜாக்கெட்ட எடுங்க" என்று கையை நீட்டினாள் மெகராஜ்.

இத்தனை வருஷமும் டீச்சர் அளவு ஜாக்கெட் கொடுத்துத்தான் தைத்திருக்கிறார். பழைய ஜாக்கெட் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து வைப்பார், அதை வைத்து மெகராஜ் வெட்டுவாள், அடுத்த தடவைக்கு அந்தப் புதுசு அளவு ஜாக்கெட் ஆகிவிடும். ஒரு ஜாக்கெட்டின் அளவில் இன்னொரு ஜாக்கெட், அதன் அளவில் இன்னொன்று என்று போய்க்கொண்டே இருந்ததில், ஒரு மனுஷக் கை அவர் உடம்பில் பட்டு அளவெடுத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பது அவருக்கே ஞாபகம் இல்லை.

"கொண்டு வரல" என்றார் டீச்சர். "ஒடம்புலயே எடு."

மெகராஜ் எழுந்துபோய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கி, உள்பக்கத் திரையை இழுத்துவிட்டு, ஸ்டூலைக் காட்டினாள். டீச்சர் முதுகைக் காட்டி உட்கார்ந்து கொக்கிகளைக் கழற்றினார்.

"மெகராஜு, எம் முதுகுல இருக்குறத நீ பாக்கணும். ஒனக்கு எழுத்துத் தெரியாது, அதனாலதான் ஒங்கிட்ட வந்தேன். வாசிக்க வேண்டாம். அது எப்படி இருக்கோ அப்படியே அது மேலயே வெரலால எழுதிக் காட்டு. நான் தெரிஞ்சுக்கிடுதேன்."

வெளியே யாரோ மாவு சலிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மெகராஜின் மூச்சு தோளில் படுவது தெரிந்தது, இவ்வளவு நேரம் பார்க்கிறாளே என்று டீச்சர் நினைத்தார். பிறகு விரல் வந்து தொட்டது.

மேலிருந்து கீழே ஒரு நேர்க்கோடு. அடியில் வலப்பக்கமாக ஒரு சின்னக் கோடு.

எல்.

அத்தோடு விரல் நின்றது. அந்த எழுத்துக்குப் பிறகு என்ன வரும் என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது; அவருக்கு இத்தனை வருஷமும் தெரிந்துதான் இருந்தது என்பதும் தெரிந்துவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மீதிக்காகக் காத்திருந்தார். ஆனால் விரலுக்குப் பதிலாக முழு உள்ளங்கை வந்தது. துணியில் தப்பாக விழுந்த சாக்பீஸ் கோட்டைத் துடைக்கிற மாதிரி மெகராஜ் அந்த எழுத்தை முதுகிலிருந்து துடைத்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை. பிறகு விரல் மறுபடி வந்தது, இந்தத் தடவை தயங்கவில்லை, பழகின கை பழகினதை எழுதுகிற வேகத்தில் எழுதியது: நேர்க்கோடும் ஒரு வயிறும். நேர்க்கோடும் மூன்று படியும். கூரையும் நடுவில் ஒரு குறுக்குக் கட்டையும். கடைசியாகக் கால் நீட்டிய எழுத்து.

"எனக்குள்ளதுதான் டீச்சர் ஒங்களுக்கும்" என்றாள் மெகராஜ். "ஒரு எழுத்து மாறல."

ஒரு எழுத்து மாறவில்லை என்பது நிஜம்தான். மெகராஜுக்கு அது தெரியாது. தன் முதுகிலும் அதே எல்தான் முதல் எழுத்து என்பது அவளுக்குத் தெரியாது. டீச்சர் முதுகில் இருப்பது கெட்ட வார்த்தையா நல்ல வார்த்தையா என்பதும் அவளுக்குத் தெரியாது. தனக்கு எழுதிக் கொடுத்தது நல்லது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும், அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான், அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பேங்க் மேனேஜர் எதற்காகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார் என்பது டீச்சருக்கு அப்போது விளங்கியது. சம்சாரத்தின் முதுகில் இருந்த வார்த்தை அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளையும் பரணில் பழைய அகராதியும் வைத்துக்கொண்டு வந்த மற்றவர்களுக்கும் தெரிந்திருந்தது. வேறொருவர் வாயால் வேறொன்றைக் கேட்டுவிட்டுப் போகத்தான் அவர்கள் சர்ச் தெருக் கடைசி வரைக்கும் நடந்திருக்கிறார்கள்.

டீச்சர் அழுதார். சத்தம் வராமல்தான் அழுதார், ஆனால் முதுகு குலுங்குவதை மறைக்க முடியவில்லை. மெகராஜ் கையை எடுக்கவில்லை.

"யாருக்குன்னு கேக்காதீஹ டீச்சர்" என்றாள். "அது வார்த்தையில சொல்லல."

வெளியே தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது, அது முக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போனது. மெகராஜ் இன்ச் டேப்பை எடுக்க எழுந்தாள்.

"இரு" என்றார் டீச்சர். "எனக்குச் சரியாப் புரியல. இன்னொரு தடவ எழுது."

மெகராஜ் மறுபடி உட்கார்ந்தாள். உள்ளங்கையால் அந்த முதுகைத் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு தடவை நன்றாகத் துடைத்துவிட்டு, முதல் எழுத்திலிருந்து மெதுவாக எழுத ஆரம்பித்தாள்.